ஆணியில் தொங்கிய பட்டை

நீலகிரியில் இரண்டு ஏரிகளுக்கு மேலே, சோலைக்காட்டுத் தடத்தில் ஏறி மண்சாலையில் இறங்கும் பதினெட்டு கிலோமீட்டரை, போஜன் ஆறு வருடமாக அடுத்தவர்களுக்காகச் சைக்கிளில் சுற்றிவந்தான். கோயமுத்தூர்க்காரர்கள், தாங்களே மலையேறியதாகக் கணக்கில் ஏற, உடலசைவைப் பதியும் தங்கள் உடல்நலப் பட்டைகளைக் காசோடு கொடுத்தனுப்புவார்கள். கைக்கு நாலாகக் கட்டிக்கொண்டு மிதிப்பான். அவனுடைய பட்டை மட்டும், கிளை உரசிக் கீறல் விழக் கூடாதென்று, வீட்டில் ஆணியில் தொங்கியது.

அன்று காட்டு வாசலில் புதிதாகக் கதவு போட்டிருந்தார்கள். முகத்தையும் சொந்தப் பட்டையையும் காட்டினால்தான் திறக்குமாம். வீட்டுக்கு ஓடி, எடுத்துவந்து காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆறு வருசமா படுத்த படுக்கைன்னு காட்டுதுங்கண்ணா," என்றாள் காவலர் சகாயமேரி. "தெம்பான ஆள் யாராச்சும் கூட வந்தாத்தான் உள்ள விட முடியும்."

வேறு வழியில்லாமல் வாடிக்கையாளர் நாச்சிமுத்துவை வரவழைத்தான். காரிலிருந்து இறங்கி நாலு படி ஏறுவதற்குள் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. போஜன் கையில் கட்டியிருந்த பட்டைகளில் தன்னுடையதை வாங்கி, நாச்சிமுத்து முகத்தோடு காட்டினார். கதவு பச்சையாகி, "மலை வீரரே, வருக! உடன் வரும் நோயாளி பத்திரம்," என்றது.

நாச்சிமுத்து நெகிழ்ந்துபோனார். விழுந்துவிடாமலிருக்க போஜனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பயப்படாதீங்க தம்பி. நான் இருக்கறன்ல?"