இரண்டாவது கூடு

“குருவி என்ன சொல்லுதுன்னு உனக்கு எப்படிப் புள்ள தெரியும்?”

அவன் ஒருமுறை கேட்டான். அப்போது அவன் அவளுக்குக் கணவன் இல்லை. அவள் அப்பாவின் தோட்டத்தில் மோட்டார் ரூம் கட்ட வந்த கொத்தனார்.

வெட்கத்தில் அவள் உள்ளே ஓடிவிட்டாள். மறுநாள்தான் சொன்னாள்.

“பாதிக் கூடு கட்டிட்டு, வந்து பாருன்னு கூப்பிடுது. பொட்டைக்குப் புடிச்சாத்தான் மீதியக் கட்டும்.”

“நானும் பாதி வீடு கட்டி வச்சிருக்கேன். ஒரு தடவ வந்துதான் பாரேன்” என்றான்.

வந்து பார்த்தாள்.

இப்போது அந்த வீட்டின் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிறாள். இரவெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல். விடிந்துதான் இறங்கியது. கண் எரிகிறது. கை தானாகத் தேய்க்கிறது.

கிணற்றுக்கு மேலே சாய்ந்த ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவி கத்துகிறது. ஆண். தலை மஞ்சள்.

அதன் கூட்டில் பொட்டை அடைகாக்கிறது. இது அங்கே எட்டிப் பார்த்து நாளாகிறது. அடுத்த மட்டையில் இன்னொரு பாதிக் கூடு. அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடுகிறது.

அதே குரல்.

அவளுக்கு அதன்மேல் கோபம் இல்லை. குருவி அப்படித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் போனில் பேசுகிறான். சொல் கேட்கவில்லை. குரல் மட்டும் கேட்கிறது. முடிக்கும்போது தாழ்கிறது. ஒரு சிறு சிரிப்பு. பிறகு காத்திருக்கிறது.

பிறகு சொல்லும் கேட்டது.

“ஒரு தடவ வந்துதான் பாரேன்.”

அவள் கை நின்றது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தாள்.

“ஆம்பள போன் பேசுனா உனக்கு எதுக்குடி காது அங்க போகுது? யாராச்சும் வேலைக்குக் கூப்பிடுவாங்க.”

“இது வேலைக்குப் பேசுற குரல் இல்லைங்க அத்தை.”

“ஆமா. பெரிய குருவி ஜோசியக்காரி.”

அதற்குப் பிறகு மாமியார் முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

அவன் உள்ளே வந்தான். முகம் தெளிவாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தான்.

கை கழுவிக்கொண்டு உள்ளே போய்ச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். கேட்காமலே அப்பளம் வைத்தாள்.

பிள்ளையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். தூளிச் சேலையை ஒற்றைக் கையால் அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நேரம் பிடித்தது.

“துவைக்கவா?” என்றான் அவன், மென்றபடி.

அவள் சேலையை மடித்துப் பையில் வைத்தாள். மருந்து பாட்டிலையும் வைத்தாள்.

முறத்தோடு வாசற்படிக்கு வந்து உட்கார்ந்திருந்த மாமியார், நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

அவள் இறங்கிப் போனாள்.