ராஜாவின் பக்கத்தில் ஒரு காலி இடம்

ஜப்பானியச் சதுரங்கம் ஆடும் கணினி நிரல் ஒன்றின் கையேட்டில், வெறும் எழுத்துகளை அடுக்கி வரைந்த பலகைப் படம் இருந்தது. அதில் ராஜாவுக்கு இடப்பக்கம் ஒரு காலி இடம்.

"ஆளும் இல்லை, வேலையும் இல்லை. உனக்கு எதற்கடா அரசன் பக்கத்தில் இடம்?" என்று ராஜா அதைச் சீண்டுவார்.

"நிற்கச் சொன்னார்கள், நிற்கிறேன் மகாராஜா" என்னும் அது.

ஒருநாள் பக்கங்களைச் சீர்செய்ய கர்சர் வந்தது. "தேவையில்லாத இடைவெளிகளை நீக்க வேண்டுமாம். யாரை நீக்கட்டும்?"

"இதோ, இவனைத்தான்" என்றார் ராஜா.

கர்சர் நீக்கியதும் அந்த வரிசை ஒரு கட்டம் இடப்பக்கம் சரிந்தது. ராஜா நிமிர்ந்து பார்த்தார். நேர் எதிரே எதிரியின் தேர். நடுவில் தடுக்க ஒரு காயும் இல்லை.

"ஐயோ, அவனைக் கூப்பிடுப்பா!"

"இப்போதுதானே போகச் சொன்னீர்கள்?" என்று முனகிக்கொண்டே கர்சர் இடைவெளியைத் திரும்ப வைத்தது. ராஜா தன் கட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

மூச்சு வாங்கியபடி, முதல்முறையாக அந்தக் காலி இடத்தை உற்றுப் பார்த்தார். அது அவர் பக்கத்தில் மட்டும் இல்லை. காய்களுக்கு நடுவே, வரிகளுக்கு நடுவே, படத்தைச் சுற்றி, தாளின் ஓரம்வரை அதுவேதான் நின்றுகொண்டிருந்தது.

"நீங்கள் எங்கே முடிகிறீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது மகாராஜா. நான் போய்ப் பார்த்ததில்லை."