விழாத பல்

வாசுகி நடத்திய சின்ன இணையதளத்தில் மகள் மகிழின் படங்கள் மட்டுமே இருந்தன. பார்ப்பவனும் ஒருவன்தான், கடல் கடந்து வேலைக்குப் போன அவள் கணவன் குமரேசன். அவனுடைய சாப்பாட்டு இடைவேளையில் ஒரு படம் பாதி திறப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் வாசுகி தளத்தை ஒரு சிடிஎன் சேவையில் சேர்த்தாள். அது பக்கங்களை நகலெடுத்து, பார்ப்பவருக்கு அருகிலுள்ள நகரத்திலேயே வைத்துக்கொள்ளும்.

“தொடுறதுக்குள்ள வந்து நிக்கிறா!” என்று போனில் சிரித்தான் குமரேசன்.

மகிழின் முன்பல் விழுந்ததும் வாசுகி படத்தை மாற்றினாள்.

“ஓட்டப்பல்லு பாத்தீங்களா? அப்படியே உங்கம்மா.”

“எங்க? ஆடுற பல்ல நாக்கால தள்ளிக்கிட்டு இருக்கா, பல்லு அப்படியே இருக்கே.”

அவனுக்கு அருகிலுள்ள நகரத்தில் இருந்தது பழைய படத்தின் நகல் என்று வாசுகிக்குப் புரிந்தது. அதை நீக்கிப் புதியதை வரவைக்க ஒரு பொத்தான் இருந்தது.

“இருங்க, அழிச்சிடுறேன்.”

“வேணாம் வாசு. அந்தப் பல்லு முளைச்சப்பவும் நான் அங்க இல்ல. இங்கயாவது கொஞ்ச நாள் ஆடிக்கிட்டு இருக்கட்டும்.”

வாசுகி பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். மகிழ் ஓடிவந்து மடியில் ஏறி, “அப்பா, என் பல்லு...” என்று தொடங்கினாள். வாசுகி மெல்ல அவள் வாயைப் பொத்தினாள். பல் விழுந்த அந்தச் சின்ன இடைவெளி வழியே வந்த மூச்சு உள்ளங்கையில் சுட்டது.