பதினேழாவது பிக்

"வந்துட்டாருங்க உங்க நொட்டை!"

ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மனைவி குரல் கொடுத்ததும், சமையலறைக்குப் பின்னால் இருந்த பட்டறையில் அரமும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் பெருமூச்சு விட்டார்.

"மெல்லப் பேசு. காதுல விழப்போகுது."

"விழட்டுமே. இன்னைக்காவது புத்தி வருதான்னு பாப்போம்."

கிதார் தந்தியை மீட்டுகிற பிக் என்பது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இசைக்கருவித் தொழிற்சாலையை இழுத்து மூடியபிறகு, அவர் வீட்டிலேயே அதைச் செய்ய ஆரம்பித்திருந்தார். கூடவே கிதாரில் வார் மாட்டுகிற பித்தளைக் குமிழ்கள். எல்லாமே கைவேலை. வாங்கியவர்கள் யாரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை.

ஒரே ஒருத்தரைத் தவிர. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிதார் வாத்தியார்.

மாசம் தவறாமல் வருவார். போன தடவை வாங்கிப்போன பிக்கை மேஜைமேல் வைப்பார். நொள்ளை நொட்டை சொல்வார்.

கனம் ஜாஸ்தி என்றார். தேய்த்துக் கொடுத்தால், வளைகிறது என்றார். பிளாஸ்டிக்கை விட்டு மாட்டுக் கொம்புக்கு மாறினால், விரலில் வழுக்குகிறதாம். சரி, வழுக்காமல் இருக்கட்டும் என்று நடுவில் மூன்று துளை போட்டால், துளை உறுத்துகிறதாம். பித்தளைக் குமிழையும் அவர் விட்டுவைக்கவில்லை. தலை சின்னதாக இருக்கிறது, வார் கழன்று கிதார் கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்றார்.

இப்படியே பதினாறு பிக் ஆகிவிட்டது. மனிதருக்கு அலுக்கவே இல்லை.

"சத்தம் மொட்டையா இருக்கே," என்றார் வாத்தியார், உள்ளே வந்ததும் வராததுமாக. "நுனியில இன்னும் கொஞ்சம் சரிவு வேணும்."

"போன தடவை சரிவு ஜாஸ்தின்னு சொன்னீங்களே சார்!"

"அது போன தடவை."

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், எனக்கும் அலுத்துப்போச்சு. ஒரே ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. இந்தப் பட்டறையை மூடிட்டு ஒரு மூலையில கிடக்கறேன்."

"அதுக்கு முதல்ல நல்லா இருக்கணும்ல?"

கணவர் முணுமுணுத்துக்கொண்டே பட்டறைக்குள் போனார். சற்று நேரத்தில் அரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

வாத்தியார் திருப்பிக் கொடுத்த பிக்கை மனைவி எடுத்தாள். பாலிஷ் போட்டு உறையில் போடுவது அவள் வேலை. வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளுக்கு என்னவோ இடித்தது. நாலு பாட்டு வாசித்தாலே நுனி ஒரு பக்கமாகத் தேயும், தந்தி உரசிக் கோடு விழும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் போட்ட பாலிஷ் போட்டபடியே இருந்தது.

அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கினாள். அவர் இதற்குமுன் திருப்பிய அத்தனையும் அதில்தான் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தந்தியில் பட்டதில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, இதுல எதையாவது வச்சு நீங்க வாசிச்சீங்களா?"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாசிக்காமலே சத்தம் மொட்டைங்கறீங்க! ராவும் பகலும் தேச்சுத் தேச்சு அவர் விரல் காச்சுப்போயிருக்கு. ஒரு மனுஷனை இப்படியா அலைக்கழிப்பீங்க? உங்களுக்கு என்னதான் வேணும்?"

"மெதுவா, தங்கச்சி." வாத்தியார் பட்டறைப் பக்கம் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிக்கை எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக். ஒரு பக்கம் பாதிக்குமேல் தேய்ந்துபோயிருந்தது. "நான் தினமும் வாசிக்கிறது இதுலதான். உங்க வீட்டுக்காரர் செஞ்ச முதல் பிக்."

"அப்ப அதுலயே குறை இல்லையா?"

"ஒரு குறையும் இல்லம்மா. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். வந்தா, அரம், ரம்பம் எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டிருந்தாரு. 'நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், அந்த நிம்மதியோட இதோட விட்டுடறேன்'னாரு. அந்த முகத்தைப் பாத்து எனக்குப் பயமாயிடுச்சு. ஓரம் சொரசொரன்னு இருக்குன்னு வாயில வந்ததைச் சொன்னேன். கோபம் வந்துடுச்சு அவருக்கு. சாக்கை அவிழ்த்து அரத்தை எடுத்தாரு."

வேலை போன புதிதில் நாலு மாசம் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததும், சாப்பிடக்கூட எழுப்பிவிட வேண்டியிருந்ததும் அவளுக்குத்தானே தெரியும். எழுந்தவர் மறுபடி படுத்துவிடாமல் இருந்தது எப்படி என்பது மட்டும் இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. இந்த மனிதரையா நொட்டை என்றேன் என்று வெட்கமாக இருந்தது.

அரச் சத்தம் நின்றது. கணவர் வேகமாக வந்து, இன்னும் சூடு ஆறாத பிக்கை மேஜைமேல் வைத்தார்.

"இந்தாங்க சார், பதினேழாவது. இதுக்குமேல செய்ய எனக்குத் தெரியாது. நல்லா இருக்குன்னா சொல்லிடுங்க, இன்னையோட எல்லாத்தையும் ஏறக்கட்டிடறேன்."

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் மனைவி அதை எடுத்துக்கொண்டாள். வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் சுற்றிலும் தடவினாள். வெண்ணெயாக வழுவழுத்தது. மருந்துக்குக்கூட ஒரு பிசிறு இல்லை.

"எனக்கே திருப்தியா இல்லைங்க," என்றாள். "போய் இன்னொண்ணு செஞ்சு எடுத்துட்டு வாங்க."