அரை நொடி

மேனேஜரைத் திட்டுவதற்குத் தலைமை புரோகிராமர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் மீட்டிங் அறையை எட்டிப் பார்ப்பார், பிறகு ஸ்டோர் ரூமை. யாரும் இல்லையென்றால் வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவார். அப்புறம் வாய்க்குப் பூட்டே கிடையாது.

இன்றும் அப்படியே உட்கார்ந்தார்.

“சார், ஒரு நிமிஷம்...” என்றாள் டெஸ்டிங் பெண்.

“இரும்மா. மவுஸ் பிடிக்கத் தெரியாத ஜென்மம், உன் பேச்சைக் கேட்டு ரிலீஸை நிறுத்தச் சொல்லுது! அப்படி என்ன தப்பைக் கண்டுபிடிச்சு கிழிச்சே?”

“கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் நம்ம புரோகிராம் பென்டிரைவ் செருகற எல்லா போர்ட்டையும் ஒரு சுத்து பாத்துடுது. அப்புறம்தான் புதுசா எது வருதுன்னு கவனிக்க ஆரம்பிக்குது. நடுவுல பென்டிரைவ் செருகினா அதுக்குத் தெரியறதே இல்ல சார். கவனிக்க ஆரம்பிச்சுட்டுத்தான் சுத்திப் பாக்கணும்.”

“அட போம்மா! அந்த அரை நொடியில எந்த மடையன் வந்து நுழைவான்?”

மீட்டிங் அறைக் கதவு திறந்தது.

“நீ ஸ்டோர் ரூமை எட்டிப் பாத்துட்டிருந்தப்போ உள்ள வந்தேன்,” என்றார் மேனேஜர். “நான்தான்யா அந்த மடையன்.”