ரோசியின் முடி

தேவசகாயம் சாய்வு நாற்காலியில் இருந்தார். மகள் ஜெபசெல்வி கட்டில் விளிம்பில். எழுதுகிற மேசையில் அவர் மனைவி திலகவதி. வாசற்படியை அடைத்துக்கொண்டு கிழட்டு ஹஸ்கி நாய் சாரா படுத்திருந்தது. விற்றுப்போன குட்டி கூடைக்குள். வாங்கியவரின் டிரைவர் வெளியே நின்றிருந்தான்.

கோத்தகிரியில் அந்த வீட்டிலிருந்து எந்த ஹஸ்கிக் குட்டி கிளம்பினாலும், அதன் முன்னோரைப் பற்றித் திலகவதி கைப்படக் கடிதம் எழுதுவாள். கூடவே, செத்துப்போன தாய் நாய் ரோசியின் முடியில் ஒரு சிட்டிகை வைப்பாள். அவர்களின் நாய்ப் பண்ணையே ரோசியின் வயிற்றில் பிறந்ததுதான். ரோசி பெற்றவற்றில் சாரா ஒன்றுதான் மிச்சம். ரோசி உயிரோடு இருந்தபோது சீவிச் சேர்த்த முடி பிஸ்கட் டப்பாவில் இருந்தது. இன்று திறந்தால் கடைசிச் சிட்டிகை.

"சாரா முடிய வச்சு அனுப்பும்மா. அதுவும் வெள்ளதானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் ஜெபசெல்வி.

"மூணு பக்கம் ரோசியப் பத்தி எழுதிட்டு, சாரா முடிய வைக்கவா?"

"அப்ப உனக்குன்னு என்ன மிச்சம்?" என்றார் தேவசகாயம். "டப்பாவா?"

திலகவதி முடியை விரல்நுனியில் எடுத்து முகர்ந்தாள். பிஸ்கட் வாசனைதான் வந்தது. அதைக் கடிதத்தின் மடிப்புக்குள் வைத்து, உறையை ஒட்டி, கூடையோடு டிரைவரிடம் கொடுத்தாள்.

காலையிலிருந்து எழாத சாரா எழுந்தது. கூடைக்குள் கத்திய குட்டியை அது திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவரின் கையில் தொங்கிய உறையை முகர்ந்துகொண்டே கேட் வரைக்கும் அவன் பின்னால் போனது.