முதல் துணி

“பழைய வேட்டித் துணியா? அதுவும் இன்னைக்குப் பாத்தா?”

ஹெட் நர்ஸ் ஜெயபாரதிக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பின்னே, ஏறாதா? ஆறு மாசமாக நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய நாள் இது.

வீரபாண்டிப் பக்கம் அது கைராசி ஆஸ்பத்திரி. முதலாளி மகளும் வருவாள், டெய்லர் பெண்டாட்டியும் வருவாள். பிறக்கிற குழந்தையை மட்டும் ஒரே தடவை சுற்றித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் விரிப்பில்தான் சுற்றுவார்கள். சாயங்காலமானால் மூட்டை மூட்டையாக எரிக்கப் போகும். அதைப் பார்க்கப் பார்க்க ஜெயபாரதிக்கு வயிறெரியும்.

“துவைச்சுத் துவைச்சுப் பயன்படுத்தற பருத்தித் துணி வாங்கலாமுங்க. ஊரே துணி ஊருங்க” என்று நச்சரித்தாள்.

“யாராச்சும் இனாமாக் குடுத்தா பாக்கலாம். அதுலயும் குத்தங்குறை வந்துச்சுன்னா பழையபடி பிளாஸ்டிக்தான்” என்று கை கழுவிவிட்டார்கள்.

விடுவாளா? எக்ஸ்போர்ட் முருகவேலைப் பிடித்துவிட்டாள். குழந்தைத் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். கெமிக்கலே படாத ஆர்கானிக் பருத்தி என்று அங்கே அப்படியொரு கிராக்கியாம். ஒரு வார்த்தைதான் கேட்டாள், மனுஷன் அலமாரி நிறைய அனுப்பிவிட்டார்.

இன்றைக்குத் தொடக்க விழா. வார்டு முழுக்க பலூன், வாசலில் பேனர், தட்டு நிறைய லட்டு. தெற்கேயிருந்து பிழைக்க வந்த முனீஸுக்கு விடிந்ததும் பிறந்த பையனுக்குத்தான் முதல் துணி என்று அவள் முடிவு செய்து வைத்திருக்க, முனீஸ் மஞ்சப்பையிலிருந்து பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகளை எடுத்து நீட்டினால்?

“கோச்சுக்காதீக சிஸ்டர். எங்க பக்கம் பொறந்த பிள்ளைக்கு மொதல்ல புதுசு போட மாட்டாக. வெந்நீர்ல அவிச்சு, வெயில்ல காயப்போட்டுத்தான் கொண்டாந்திருக்கேன்.”

“நீங்களே பனியன் கம்பெனியில வேலை பாக்கறவரு. இந்தக் காலத்துல போயி இப்படிப் பேசறீங்களே. இது எப்பேர்ப்பட்ட துணி தெரியுமுங்களா?”

“நல்ல துணிதான் சிஸ்டர். பேரு வைக்கிறப்போ போட்டுக்கிடுறோம்.”

“என்னமோ பண்ணுங்க. உங்க புள்ள, உங்க இஷ்டம்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். போட்டோவில் அந்த வேட்டி விழுந்தால் மானம் போய்விடும்.

ஆனால் அவளுக்கு அன்று யோகம்தான். முருகவேலின் மகள் தரணிக்கு அந்நேரத்துக்கே வலி எடுத்து, பிரசவ அறைக்குக் கொண்டுபோனார்கள். சேதி பரவியதும் வார்டே துள்ளியது. கொடுத்தவர் வீட்டுக் குழந்தைக்கே முதல் துணி. இதைவிட வேறென்ன வேண்டும்?

முருகவேல் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கினார். நிலைகொள்ளவில்லை அவருக்கு. மைக்கைக் கொடுத்ததும் ஒரு கண் பிரசவ அறைக் கதவில் இருக்க, “பூமிக்கும் கெடுதல் இல்லீங்க, புள்ளைக்கும் கெடுதல் இல்லீங்க, இதுதானுங்க நம்ம துணி” என்று முழங்கினார். கைத்தட்டலில் ஜெயபாரதிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அவரை வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போகும்போது, ஃபேன் காற்றில் அந்தப் பாழாய்ப்போன திரை விலகித் தொலைத்தது.

“ஏனுங்க சிஸ்டர், அது என்னங்க, வேட்டியா?”

“சொன்னாக் கேக்கலீங்க சார்” என்று நெளிந்தாள்.

“ஏப்பா, இவ்வளவு துணி கொட்டிக் கெடக்குது, புள்ளைக்குப் பழந்துணியா? எங்கிட்டத் துணி வாங்கற சிங்கப்பூர்க்காரன் பாத்தாச் சிரிப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாரதியும்தான் சிரித்தாள். முனீஸ் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையைத் தட்டிக் கொடுத்தான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து வீல் என்று சத்தம். பெண் குழந்தை. ஜெயபாரதி ஓடினாள். அலமாரியில் இருந்ததிலேயே அழகான துணி, மஞ்சளில் குட்டிக் குட்டி வாத்து போட்டது. பொதிந்து எடுத்துவந்து தாத்தாவின் கையில் கொடுத்தாள். முருகவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ர தங்கம், என்ர கண்ணு...”

போட்டோகிராபர் சுற்றிச் சுற்றி எடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் துணியின் ஓரத்தைக் குழந்தையின் முகத்தில் படாமல் விலக்கி விலக்கிப் பிடித்தார் முருகவேல். என்ன பாசம் பாரு என்று ஜெயபாரதிக்கே நெகிழ்ந்தது. இனி இந்த வார்டுக்குள் பிளாஸ்டிக் தலைகாட்டாது. ஜெயித்துவிட்டாள்.

லட்டு காலியாகி, கூட்டம் கலைந்தது. அலமாரியைப் பூட்டப் போனவளைப் பின்னாலிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள். முருகவேல்தான். கையில் பேத்தி.

“போட்டோ எல்லாம் முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுதுங்க சார். நாளைக்குப் பேப்பர்ல வந்துரும்.”

“அப்ப இதை மாத்திருங்க.” அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலை இன்னும் தாழ்த்தினார். “அந்தப் பையன் கொண்டாந்தான் பாருங்க, பழைய வேட்டி. அதுல ஒரு துண்டு கேட்டு வாங்கித் தருவீங்களா? நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம்.”

ஜெயபாரதி அந்த வாத்துத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கை இன்னும் அலமாரிக் கதவில் இருந்தது.

“ஏனுங்க சார்? இது உங்க கம்பெனித் துணிதானுங்களே?”

“ஆமாங்க சிஸ்டர். அதனாலதானுங்க கேக்கறேன்.”